மார்ல்டன் ஹாலும் சம்மாட்டி வீடும்

எங்கள் படுக்கையறைச் சீலிங்கில் பாதிப் பூ ஒன்று இருக்கிறது. சுண்ணாம்புச் சாந்தில் செய்த பெரிய பூ. அதன் நடுவிலிருந்து ஒரு காலத்தில் சரவிளக்குத் தொங்கியதாம். இதழ்கள் விரிந்து, அவற்றைச் சுற்றி இலையும் கொடியுமாக ஓடிவந்து, சுவர் குறுக்கிட்டதும் வெட்டியதுபோல நின்றுவிடும். மீதிப் பாதி சுவருக்கு அந்தப் பக்கம், மார்கரெட் என்ற ஓய்வுபெற்ற தாதியின் வீட்டில் இருக்கிறது. அவ எங்களைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் பூ வைத்திருக்கிறா என்று என் கணவருக்கு ஒரு குறை. வந்த புதிதில் எனக்கு அந்தப் பூவின் கீழ் நித்திரை வரவில்லை. யாரோ ஒருவருடைய வரவேற்பறையின் நடுவில் பாயைப் போட்டுப் படுத்திருப்பதுபோல ஒரு கூச்சம். இவர் பகல் முழுக்க பஸ் ஓட்டிவிட்டு வருகிறவர். படுத்த மாத்திரத்தில் குறட்டை விடுவார். நான் மல்லாந்து படுத்து, வெட்டுப்பட்ட இதழ்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

நாங்கள் இருப்பது மார்ல்டன் ஹால் என்ற பழைய மாளிகையில். மாளிகையில் என்றால், அதன் ஒரு துண்டில். ஜோர்ஜ் என்ற பெயரோடு இந்த நாட்டில் வரிசையாக ராசாக்கள் இருந்த காலத்தில் கட்டியது என்பதால் இதை ஜோர்ஜியன் வீடு என்கிறார்கள். முன்பக்கம் வெள்ளைத் தூண்கள். யன்னல்கள் ஒன்றுக்கு நேரே ஒன்றாக, பள்ளிக்கூட அணிவகுப்பில் நிற்கிற பிள்ளைகளைப்போல் நிற்கும். சுற்றிலும் புல்வெளி, அதற்கப்பால் செம்மறிகள். இவ்வளவு அழகுக்கும் எங்கள் பங்கு என்னவென்றால், பழைய வரவேற்பறையில் பாதி, அதை ஒட்டிய ஒரு நடை, வேலைக்காரர்கள் ஏறி இறங்கிய ஒடுங்கிய படிக்கட்டு. சமையலறை இருக்கும் இடத்தில் முன்பு பியானோ இருந்ததாம். நகரத்தில் இதைவிடச் சின்ன வீட்டுக்குக் கேட்ட விலையைக் கேட்டு மயக்கம் வந்ததால்தான் இங்கே வந்து விழுந்தோம். பரம்பரைச் செல்வாக்கு ஒன்றும் காரணமில்லை.

ஆண்டுக்கு ஒருமுறை குடியிருப்பாளர் எல்லோரும் கீழே பொது மண்டபத்தில் கூடுவோம். கூரை ஒழுக்கு, குப்பைத் தொட்டி, யார் காரை எங்கே விடுவது என்ற பேச்செல்லாம் முடிந்தபிறகு, கொலின் என்ற ஓய்வுபெற்ற வாத்தியார் எழுந்து வீட்டின் சரித்திரத்தைச் சொல்லுவார். தெரிந்த கதைதான். ஆனாலும் எல்லோரும் பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டு கேட்பார்கள். கப்பலும் சீனியும் வைத்திருந்த ஒருவர் கட்டினார். அந்தச் சீனிக்குக் கரும்பு வெட்டியது யார் என்பதைக் கொலின் ஒரே வசனத்தில் சொல்லிவிட்டு, இருமிக்கொண்டு தூண்களுக்குப் போய்விடுவார். பேரப்பிள்ளைகள் சூதில் தோட்டத்தை இழந்தார்கள். முதல் உலகப் போரில் வீடு ஆசுப்பத்திரியானது. அடுத்த போரில் பட்டாளம் வந்து தங்கியது. ஒரு கொடும் பனிக்காலத்தில் சிப்பாய்கள் பெரிய படிக்கட்டின் கைப்பிடிகளைக் கழற்றி எரித்துக் குளிர்காய்ந்தார்கள். பிறகு கொஞ்சக்காலம் பெண்கள் விடுதிப் பள்ளி. பிறகு ஆளில்லாமல் கிடந்து, கூரை ஈயத்தைக் கள்ளர் உரித்துக்கொண்டு போக, புறாக்கள் குடியேறின. கடைசியில் கட்டட வியாபாரி ஒருவர் வாங்கி, சுவர் எழுப்பி, துண்டு துண்டாக விற்றார்.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்தது கொலின் பாவிக்கிற 'நாங்கள்' தான். "போரில் நாங்கள் படிக்கட்டை இழந்தோம்" என்பார். அவர் இங்கே வந்ததே எங்களுக்குச் சற்று முன்னால்தான். ஆனால் கேட்டால் படிக்கட்டு எரிந்தபோது பக்கத்தில் நின்று அழுதவர் மாதிரி இருக்கும். நானும் அதைப் பழகிக்கொண்டேன். எங்கள் ஆட்கள் யாராவது வந்தால், "எங்கட படிக்கட்டைப் பட்டாளம் எரிச்சுப்போட்டுது" என்று சொல்லிக் காட்டுவேன். அவர்களும் அடடா என்பார்கள். முதல் ஆண்டு கூட்டத்தில் ஒருவர் என்னிடம், ஊரில் உங்களுக்கும் வீடு இருந்ததா என்று கேட்டார். கடலுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வீடு என்றேன். அவர் முகத்தில் ஒரு கனிவு வந்தது. ஓலைக் குடிசையும் தென்னை மரமும் அவர் கண்ணில் ஓடியிருக்க வேண்டும். நான் அதை அப்படியே ஓட விட்டேன்.

அது பொய். அதற்கு நேர்மாறான பொய்யை ஊருக்கும் அனுப்பியிருந்தேன். குடிவந்த கிழமை புல்வெளியில் நின்று, தூண்களும் யன்னல்களும் முழுவதும் விழும்படி ஒரு படம் எடுத்து மன்னார் டவுனில் இருக்கிற பிலோமினா அக்காவுக்கு அனுப்பினேன். 'எங்கட புது வீடு' என்று மட்டும் எழுதினேன். அக்கா அதைக் கோயில் வாசலில் வைத்து எல்லோருக்கும் காட்டியிருக்கிறா. தங்கச்சி லண்டனில மாளிகை வாங்கிட்டாள் என்று பேச்சு. இது லண்டனும் இல்லை, மாளிகை என்னுடையதும் இல்லை. ஒரு வார்த்தையில் திருத்தியிருக்கலாம். திருத்தவில்லை. இவர் மட்டும், "எந்த யன்னல் எங்கட எண்டு ஒரு அம்புக்குறி போட்டு அனுப்பியிருக்கலாமே" என்று சிரித்தார்.

கடலுக்குப் பக்கத்துச் சின்ன வீட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். மன்னார்க் கரையோரத்து விடத்தல்தீவில் எங்கள் அப்பா சூசைப்பிள்ளை சம்மாட்டியாக இருந்தவர். சொந்தமாக வள்ளங்களும் வலைகளும் வைத்து ஆட்களைத் தொழிலுக்கு அனுப்புகிறவரைத்தான் எங்கள் பக்கத்தில் சம்மாட்டி என்பார்கள். அவர் கட்டிய வீட்டுக்குச் சம்மாட்டி வீடு என்றே பெயர். மேல்மாடி, முன்னால் தூண்கள், நீல யன்னல்கள், நடுக்கூடத்தில் மாதா சுரூபத்துக்கென்று சுவரில் குடைந்த மாடம். கடலிலிருந்து வருகிறவர்களுக்குக் கண்டல் மரங்களுக்கு மேலே முதலில் மாதா கோயில் தெரியும், அடுத்ததாக எங்கள் வீடு தெரியும். அப்பாவுக்கு அந்த வரிசையில் ஒரு மனக்குறை இருந்திருக்கலாம், வெளியே சொன்னதில்லை. அக்காவுக்கு டவுனில் வீடு வாங்கிச் சீதனம் கொடுத்தார். கடைக்குட்டியான எனக்குச் சம்மாட்டி வீடு. உறுதிப் பத்திரத்தை என் பெயரில் எழுதினார். ஆனால் நாட்டில் நடந்த சண்டை என்னைக் கலியாணத்துக்கு முன்பே ஊரைவிட்டுத் துரத்திவிட்டது. சொந்தக்காரியாக ஒரு நாள்கூட நான் அந்த வீட்டில் விளக்கு வைத்ததில்லை.

பிறகு அந்த வீட்டுக்கு நடந்தவற்றைக் கொலின் சொன்னால் பாதிக்கு மேல் தன் கதையையே திருப்பிச் சொல்வதாக நினைப்பார். யார் யாரோ வந்து முகாமிட்டார்கள். கதவுகளையும் நிலைகளையும் கழற்றி எரித்தார்கள். கடைசிச் சண்டையில் கூரை போனது. அப்பாவும் அம்மாவும் இடம் இடமாக ஓடி, முடிவில் அக்கா வீட்டிலேயே கண்ணை மூடினார்கள். சண்டை முடிந்து சனங்கள் மீள்குடியேறியபோது எங்கள் வளவில் நாயுருவிச் செடிகளும் நாலு சுவரும்தான் மிச்சம். அந்த நாலு சுவருக்குள்தான் செல்வமணி வந்து சேர்ந்தா.

செல்வமணியின் ஆட்கள் மலையகத்தில் தேயிலைத் தோட்டத்தில் இருந்தவர்கள். ஒரு கலவரத்தில் அடிவாங்கி வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியிருந்தார்கள். அங்கிருந்தும் சண்டை கிளப்பியது. சொந்தமென்று திரும்பிப் போக இடமில்லாத சிலரில் அவவும் கணவர் ராசுவும் எங்கள் வீட்டுச் சுவரைக் கண்டு, பங்குச் சுவாமியாரிடம் கேட்டு, சுவாமியார் அக்காவிடம் கேட்டு, அக்கா என்னிடம் கேட்டா. இருக்கட்டும், ஆள் இருந்தால் வீடு பாழாகாது என்று சொன்னவள் நான்தான். அவர்கள் கூரைக்குத் தகரமும் வாசலுக்குக் கதவு நிலையும் போட்டார்கள். இன்னும் இரண்டு குடும்பங்கள் வர, பழைய சேலைகளையும் பலகைகளையும் கொண்டு கூடத்தைப் பிரித்துக்கொண்டார்கள். இடையிடையே செல்வமணி போன் எடுப்பா. "அம்மா, பின்பக்கச் செவரு வெடிச்சிருந்திச்சி, பூசிட்டோம். கெணறு எறைச்சாச்சி. நீங்க எப்ப வர்றீங்க?" என்று கேட்பா. ராசு கூலிக்கு வலை இழுக்கப் போவார். மூத்த மகள் கௌரி கெட்டிக்காரி, உயர்தர வகுப்புப் படிக்கிறாள், வாத்தியாராக வருவாள் என்பா. நானும் நல்லது நல்லது என்பேன். எனக்கு ஒரு தர்மம் செய்கிற சுகம் இருந்தது. செலவில்லாத தர்மம்.

போன வருசம் ஒக்டோபர் மாதம் அக்கா போன் எடுத்தா. கத்தோலிக்கரான எங்களுக்கு ஒக்டோபர் செபமாலை மாதம். மாதாவின் சுரூபத்தை ஒவ்வொரு நாளும் ஒரு வீட்டுக்குச் சுமந்துபோய் வைத்துச் செபமாலை சொல்லி, கடலையும் தேத்தண்ணியும் கொடுத்து, மறுநாள் அடுத்த வீட்டுக்கு அனுப்புவார்கள். தன் முறைக்கு வீட்டுக்கு வெள்ளையடித்துக் காத்திருக்கிற சனம் நாங்கள். சம்மாட்டி வீட்டுக்கும் ஒரு முறை உண்டு. ஆனால் இருப்பவர்கள் சைவ சமயத்தவர் என்பதால், சண்டை முடிந்த நாளிலிருந்து சுரூபம் எங்கள் வாசலைத் தாண்டித்தான் போகும்.

"பிள்ளை, உன்ர வீட்டில நடந்த கூத்தைக் கேட்டனியோ?" என்று தொடங்கினா அக்கா. "மாதாவுக்குக் குங்குமம் வைச்சிட்டாள் அந்தத் தோட்டக்காட்டாள்!"

நடந்தது இதுதான். சுரூபம் எங்கள் வாசலைத் தாண்டும் நேரம் செல்வமணி றோட்டில் இறங்கி மறித்திருக்கிறா. முற்றம் முழுக்க மஞ்சள் தண்ணி தெளித்து, கோலம் போட்டு வைத்திருந்தாவாம். வீட்டுக்காரர் இல்லையென்பதற்காக மாதா அம்மா ஒவ்வொரு வருசமும் வாசலைத் தாண்டிப் போகலாமா, இன்றைக்கு உள்ளே வந்துதான் ஆகவேண்டும் என்று நின்றிருக்கிறா. சுரூபம் சுமந்தவர்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. உள்ளே கொண்டுபோய் மாடத்தில் வைத்தார்கள். செபமாலை தொடங்கும் முன்னரே செல்வமணி தங்கள் முறைப்படி தேங்காய் உடைத்து, சூடம் காட்டி, எண்ணெயில் குழைத்த குங்குமத்தை மாதாவின் வெள்ளை நெற்றியில் வட்டமாக வைத்துவிட்டா. சில கிழவிகளுக்குக் கண்ணில் தண்ணி வந்ததாம். சிலர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்களாம்.

"எவ்வளவு துடைச்சும் போகேல்ல" என்றா அக்கா. "கோயில் மூப்பருக்கு முகம் செத்துப்போச்சு. இனி மாதாவுக்கு வேற பெயின்ற் அடிக்கோணும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சிரி, நல்லாச் சிரி. இன்னும் கொஞ்சக்காலம் இருந்தினமெண்டால் வீடு அவையின்ர எண்டு சட்டமே சொல்லும். அப்பவும் சிரிப்பம். அப்பா கட்டின வீடு, உன்ர சீதனம். நீ ஒரு சொல்லுச் சொல்லு, நான் அவையை வீட்டைவிட்டு எழுப்பிவிடுறன்."

"அந்தப் பிள்ளை கௌரிக்குச் சோதினை வருகுதெண்டல்லோ அக்கா..."

"அங்க மாளிகையில இருக்கிற உனக்கு இது விளங்காது."

மாளிகை என்று அக்காவே சொல்லிவிட்டா. இல்லை அக்கா, நானும் இங்கே ஒருவருடைய கூடத்தைப் பலகை வைத்துப் பிரித்த ஒரு துண்டில்தான் இருக்கிறேன் என்று சொல்ல அதைவிட நல்ல நேரம் வந்திருக்காது. சொல்லியிருந்தால் அவை இருக்கட்டும் என்ற அடுத்த சொல்லும் வந்திருக்கும். சொல்லவில்லை. அதற்குப் பதிலாக, "நீங்கள் பாத்துச் செய்யுங்கோ அக்கா" என்றேன்.

வெளிநாட்டில் இருக்கிற எங்களுக்கு வசதியான வசனம் அது. காணி விசயம், கலியாண விசயம், வயதான ஆட்களின் விசயம் எல்லாவற்றுக்கும் உதவும். ஓம் என்றும் இல்லை, வேண்டாம் என்றும் இல்லை. கை அழுக்காகாது. அக்கா 'தோட்டக்காட்டாள்' என்றதற்கும் நான் ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் அது ஏச்சு என்றே யாரும் நினைத்ததில்லை, சாதாரணமாகப் புழங்கிய சொல். இங்கே பஸ்ஸில் ஒருவன் என்னைப் பார்த்து முணுமுணுத்தால் ஒரு கிழமை மனம் ஆறாது. அந்தச் சொல் காதில் விழுந்தபோது எனக்கு ஒன்றும் செய்யவில்லை.

கொஞ்ச நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசைக்குப் போய்வந்து மீன்குழம்பு வைத்துக்கொண்டிருந்தேன். கதவு மணி அடித்தது. கொலின் நின்றார். பக்கத்தில் கைத்தடியோடு மெலிந்த வயதான பெண் ஒருவர். "இவர் ஹாரியட். பட்டாளம் வருவதற்கு முன் இந்த வீட்டில் பிறந்தவர்" என்றார் கொலின். அந்தப் பெண் உள்ளே எட்டிப் பார்க்காமல், என் முகத்தை மட்டும் பார்த்து, "இது எங்கள் வீடாக இருந்தது" என்று ஆங்கிலத்தில் மெல்லச் சொன்னா.

எங்கள் பக்கத்தில் ஒரு ஆள் வாசலில் வந்து நின்று இது எங்கள் வீடாக இருந்தது என்று சொன்னால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அடுத்தது வழக்கு, அல்லது வேலிச் சண்டை, அல்லது கச்சேரி என்கிற அரசாங்கக் கந்தோரில் வரிசை. நான் உள்ளே ஓடி, அலுமாரியைத் திறந்து, வீட்டு உறுதிகள் வைத்திருக்கும் பையை எடுத்துக்கொண்டு வந்து அந்தக் கிழவியின் முன்னால் நீட்டினேன். "வாங்கியிருக்கிறோம். எல்லாம் சட்டப்படி. பாருங்கள்" என்றேன். கொலின் சுவரைப் பார்த்தார். ஹாரியட் கண்ணாடியைத் தேடிப் போட்டு, நீட்டியதை வாங்காமல் விட்டால் நான் மனவருத்தப்படுவேன் என்பதற்காகவோ என்னவோ, முதல் பக்கத்தைப் பொறுமையாக வாசித்தா. பிறகு, "மிகவும் ஒழுங்காக இருக்கிறது" என்று திருப்பித் தந்தா. தான் ஒரு நிமிடம் உள்ளே நிற்கலாமா என்று கேட்கவே வந்ததாகச் சொன்னா.

எனக்கு நிலம் பிளந்து உள்ளே இழுத்துக்கொள்ளாதா என்றிருந்தது. வாங்கோ வாங்கோ என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். மீன் மணத்துக்கு மன்னிப்புக் கேட்டு யன்னல்களை அகலத் திறந்தேன். குளிர்காற்று வந்து எல்லோரையும் அறைந்தது. அவ அதை மூடச் சொன்னா. மணத்துக்காக இல்லை, குளிருக்காக. படுக்கையறைக்குக் கூட்டிப்போனேன். பாதிப் பூவின் கீழே கைத்தடியை ஊன்றி நின்று அண்ணாந்து பார்த்தா. முழுப் பூவையும் பார்த்தவ. வெட்டிவிட்டீர்களே என்று ஏதாவது சொல்லுவா என்று எதிர்பார்த்து, அதற்கும் ஒரு மன்னிப்பைத் தயாராக வைத்திருந்தேன். அவ சொன்னது வேறு. தன் சிறுவயதில் இந்த அறை எப்போதும் குளிர்ந்து கிடந்ததாம், பிள்ளைகளை உள்ளே விடமாட்டார்களாம். கட்டிலின் மேல் நான் மடிக்காமல் போட்டிருந்த துணிகளைப் பார்த்துச் சந்தோசப்பட்டா. போகும்போது என் கையைப் பிடித்து, "இதில் குடியிருப்பதற்கு நன்றி. ஆளில்லாமல் கிடந்த காலத்தில் ஒருமுறை வந்து பார்த்தேன். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை" என்றா.

கதவைச் சாத்திவிட்டு நான் அடுப்படியில் வந்து இருந்தேன். அந்தப் பெரிய மனுசிக்கு வீட்டு உறுதியைக் காட்டிய வெட்கம் ஒரு பக்கம். அதை இவரிடம் சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பார், சிரித்து முடிந்தால் ஆறிவிடும். மற்ற வெட்கம் ஆறுகிற மாதிரித் தெரியவில்லை. வாசலில் ஒரு கிழவி வந்து நின்றதுக்கே பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிய எனக்கு, பத்திரமே இல்லாமல் ஒரு வீட்டில் பிள்ளை குட்டியோடு இருக்கிறவளின் வயிற்றில் என்ன ஓடும் என்று தெரியாதா? நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டுதான் நீங்கள் பாத்துச் செய்யுங்கோ என்றேன்.

அடுத்தநாள் விடிய அக்காவுக்குப் போன் எடுத்தேன். "அக்கா, அவை இருக்கட்டும். ஒண்டும் செய்யாதேங்கோ" என்றேன்.

"இப்ப வந்து சொல்லுறாய். அதுகள் மூண்டு குடும்பமும் போயாச்சு. செல்வமணி ஆக்களுக்குப் பெரியமடுப் பக்கம் எங்கையோ காணித்துண்டு கிடைச்சதாம். சண்டை சச்சரவு ஒண்டுமில்லை. போகச்சொன்னன், போட்டுதுகள். வீட்டைக் கழுவித் துடைச்சுத் திறப்பைக் கொண்டந்து தந்தவள்." பிறகு, "உன்னட்டச் சொல்லட்டோ எண்டு கேட்டவள். நீதான் எழுப்பச் சொன்னனி எண்டு சொன்னன்" என்றா.

இந்தக் கோடை லீவில் தனியாக ஊருக்குப் போனேன். அக்காவோடு விடத்தல்தீவுக்குப் போய்ப் பெரிய பூட்டைத் திறந்தோம். ஒரு வருசம்கூட ஆகவில்லை, வௌவால் குடியேறிவிட்டது. சேலை கட்டிய கயிறுகளுக்காக அடித்த ஆணிகள் கூடம் முழுக்கச் சுவரில் நின்றன. அவர்கள் போட்ட நிலைகளில் கறையான் ஏறியிருந்தது. கிணற்றில் இலை மிதந்தது. கரண்ட் இணைப்பை வெட்டிவிட்டார்கள். அக்கா ஒவ்வொரு அறையாக நடந்து, பழுதைப் பார்த்துப் பார்த்து முகம் வாடினா. ஆட்களை எழுப்பியதற்கும் இதற்கும் உள்ள தொடர்பு அவவுக்கும் தெரிந்திருக்க வேண்டும். அங்கே நின்றுகொண்டே என் மாளிகை என்பது பாதி வரவேற்பறை என்றும் அக்காவிடம் சொன்னேன். அவ நம்பவில்லை. கண்படும் என்று ஒளிக்கிறேன் என நினைத்துக்கொண்டா. கோயிலுக்குப் போனோம். மாதாவுக்கு நெற்றியில் மட்டும் புது வெள்ளை. மற்ற முகமெல்லாம் பழைய வெள்ளை.

மறுநாள் அக்காவிடம் சொல்லாமல் ஓட்டோ பிடித்துப் பெரியமடுவுக்குப் போனேன். விசாரித்து விசாரித்து, குளத்தைத் தாண்டி, வயல் கரையில் ஒரு தகரக் கொட்டிலைக் கண்டுபிடித்தோம். செல்வமணி முற்றத்தில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தா. நான் அவவை நேரில் பார்ப்பது அதுதான் முதல்தரம். குரலை மட்டும் கேட்ட எனக்கு, இவ்வளவு சின்ன உருவம் என்று தெரியாது.

"ஐயோ, அம்மாவா? வெளிநாட்டு அம்மாவா?" என்று கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்தா. "வாங்க, உள்ள வாங்க. இப்பிடி வெயில்ல வந்து நிக்கிறீங்களே."

இருந்த ஒரேயொரு கதிரையில் என்னை இருத்திவிட்டுத் தான் நிலத்தில் இருந்தா. நீங்களும் மேலே இருங்கோ என்றால் எதில் இருப்பது? தேத்தண்ணி வந்தது, சீனி அள்ளிப் போட்ட தேத்தண்ணி. ராசு வயலில் கூலிக்கு நிற்கிறாராம். கௌரி எங்கே என்று கேட்டேன்.

"கார்மென்ட்ஸுக்குப் போறாம்மா, வவுனியாவுக்கு. இங்கேருந்து பள்ளிக்கொடத்துக்கு பஸ் சரியில்ல. போயிப் போயி பாத்தா, அப்பறம் வுட்டுட்டா." அதைச் சொல்லும்போது குரலில் எந்தக் குத்தலும் இல்லை. மழை பெய்யவில்லை என்பதுபோலச் சொன்னா. நான் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தேன். மன்னிப்புக் கேட்கவேண்டும் என்றுதான் அவ்வளவு தூரம் வந்தது. வசனங்களை விமானத்திலேயே யோசித்து வைத்திருந்தேன்.

அவவே முந்திக்கொண்டா. "அன்னிக்கி மாதாவுக்குக் குங்குமம் வச்சது தப்பும்மா. எங்களுக்குத் தெரியாது. அம்மாவ வெறும் நெத்தியோட அனுப்ப மனசு வரல. அதுல உங்க வீட்டுப் பேரு கெட்டுப்போச்சின்னு அக்கா சொன்னாங்க. நீங்க கோவிச்சிக்கிட்டது சரிதான்."

"நான் கோவிக்கேல்ல, செல்வமணி."

"பரவால்லம்மா."

"நான் உண்மையாத்தான் சொல்லுறன். வீடு சும்மா பூட்டிக் கிடக்கு. நீங்கள் திரும்பி வாங்கோ. அக்காவோட நான் கதைக்கிறன். எழுத்தில வேணுமெண்டாலும் தாறன்."

அவ முற்றத்து மிளகாயைப் பார்த்தா. ஒரு கோழி கிட்டப் போக, ச்சூ என்று விரட்டினா. "இல்லீங்க. இது சின்னதுதான். ஆனா பெர்மிட் எங்க பேருல இருக்கு. யாரும் வந்து கேக்க மாட்டாங்க." பிறகு என்னைப் பார்த்து, "அங்க உங்களுக்கு உங்க பேருலதானேம்மா இருக்கு?" என்று உண்மையான அக்கறையோடு கேட்டா.

சுவர்கள் எங்களுடையவை, நிலம் இன்னொருவருடையது, குத்தகைக்காலம் முடிந்தால் அதுவும் இல்லை என்று எப்படி விளங்கப்படுத்துவது? "ஓம், எங்கட பேரில தான்" என்றேன். அவவுக்கு ஆறுதலாக இருந்தது. எனக்கு ஒரு இடம் இருக்கிறது என்று கேட்டு அவ ஆறுதல்பட்டதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெயில் உச்சிக்கு ஏறியது. ஓட்டோக்காரத் தம்பி சாப்பிடப் போய்விட்டான், பின்னேரம்தான் வருவான். சோறும் பருப்பும் கருவாட்டுப் பொரியலும் போட்டுத் தந்தா செல்வமணி. சாப்பிட்டு முடிந்ததும், "மொகம் வாடிப்போச்சிம்மா. சித்த நேரம் சாஞ்சிக்கிங்க" என்று உள்ளே பாய் விரித்தா. வேண்டாம் என்றேன். கேட்கவில்லை. தலையணைக்குத் துவைத்த உறை ஒன்றைத் தேடி எடுத்துப் போட்டா. தகரம் அனலாகக் கொதித்தது. ஆனாலும் படுத்த உடனே கண் சொருகிவிட்டது. மார்ல்டன் ஹாலிலும் சரி, அக்கா வீட்டிலும் சரி, நான் அப்படி நித்திரை கொண்டதில்லை.

வெளியே பேச்சுக்குரல் கேட்டு விழிப்பு வந்தது. பக்கத்து வீட்டுப் பெண் ஏதோ கேட்டுச் சத்தமாகக் கூப்பிட்டபடி முற்றத்துக்கு வந்துவிட்டாள். செல்வமணி விரைந்து போய் அவளை வாசலிலேயே மறித்தது கேட்டது.

"மெல்லப் பேசுடி" என்றா தாழ்ந்த குரலில். "வீட்டுக்கார அம்மா தூங்குறாங்க."

நான் கண்ணைத் திறக்கவில்லை. எழும்பினால் எந்த முகத்தோடு எழும்புவது என்று தெரியாமல், அவவின் பாயில் அப்படியே கிடந்தேன்.